எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் தப்பினார்கள், கடிதம் கொடுத்தவர்கள் போனார்கள். அப்படியென்றால் ஆதரவுக் கடிதத்துக்கு என்னதான் மதிப்பு?

#1 தேனிக்காரன்

வணக்கம். ரொம்ப நாளாக மண்டையில் ஓடும் சந்தேகம் இது.

2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கு கோரினார். ஆதரவு 122, எதிர்ப்பு 11. அந்த 11 பேர் ஓ.பன்னீர்செல்வமும் அவரோடு நின்ற அதிமுக எம்எல்ஏக்களும். சொந்தக் கட்சி முதல்வருக்கு எதிராகச் சபைக்குள்ளேயே ஓட்டுப் போட்டார்கள். அவர்களில் ஒருவர் பதவியும் போகவில்லை. ஆகஸ்ட் 21 அன்று இரண்டு அணியும் இணைந்தன, ஓபிஎஸ் துணை முதல்வர் ஆனார்.

மறுநாள், ஆகஸ்ட் 22. தினகரன் பக்கம் நின்ற 19 அதிமுக எம்எல்ஏக்கள் ஆளுநர் வித்யாசாகர் ராவைச் சந்தித்து, முதல்வர் மீது நம்பிக்கை இல்லை, ஆதரவை வாபஸ் வாங்குகிறோம் என்று ஆளுக்கொரு கடிதம் கொடுத்தார்கள். சபையில் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை, வேறு கட்சியில் சேரவில்லை. அதில் ஜக்கையன் மட்டும் திரும்பிப் போனார். மீதி 18 பேரையும் செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் தகுதி நீக்கம் செய்தார்.

ஓட்டுப் போட்டவருக்குப் பதவி, கடிதம் எழுதியவருக்கு வீடு. இது எந்தச் சட்டத்தில் வருகிறது? கட்சிச் சண்டை வேண்டாம், அதற்கு வேறு இழைகள் இருக்கின்றன.

#2 கடைசிபெஞ்ச்

சபாநாயகர் யார் பக்கம் என்பதுதான் சட்டம். பதில் கிடைத்துவிட்டது, இழையை மூடிவிடலாம்.

#3 வக்கீல்குமாஸ்தா

பெஞ்ச் சொன்னது முக்கால்வாசி சரி. ஆனால் மீதிக் காலில்தான் விஷயம் இருக்கிறது.

கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று நாம் சொல்வது அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணை, 1985ல் வந்தது. அதில் பதவி போக இரண்டு வழி. ஒன்று, கட்சி உறுப்பினர் தகுதியைத் 'தானாக முன்வந்து விட்டுக்கொடுப்பது'. இரண்டு, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போடுவது அல்லது ஓட்டுப் போடாமல் இருப்பது. இரண்டாவதில் ஒரு சலுகை உண்டு, 15 நாளுக்குள் கட்சியே மன்னித்துவிட்டால் பிரச்சினை இல்லை.

ஓபிஎஸ் அணியின் 11 பேர் இரண்டாவது வழியில் வருகிறார்கள். பிப்ரவரியில் ஓட்டு, ஆகஸ்டில்தான் சமாதானம். 15 நாள் கணக்கெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. ஆனாலும் சபாநாயகர் அந்தக் கோப்பைத் தொடவில்லை. திமுக தரப்பு உயர் நீதிமன்றம் போனது, 2018 ஏப்ரலில் மனு தள்ளுபடி. உச்ச நீதிமன்றம் போனார்கள். 2020 பிப்ரவரியில், சபாநாயகர் இப்போதுதான் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார், அவர் முடிவெடுக்கட்டும் என்று வழக்கை முடித்துவிட்டார்கள். ஓட்டுப் போட்டு மூன்று வருஷம் கழித்து நோட்டீஸ்! 2021ல் சபையின் ஆயுளே முடிந்தது.

18 பேர் முதல் வழியில் மாட்டினார்கள். அரசு தலைமைக் கொறடா ராஜேந்திரன் புகார் கொடுத்தார், ஒரு மாசத்துக்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

ஆக, 11 பேரைச் சட்டம் விடுவிக்கவில்லை. அவர்கள் வழக்கில் முடிவே எடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

#4 தேனிக்காரன்

நன்றி அண்ணே. ஆனால் 18 பேர் எங்கே கட்சியை விட்டுக்கொடுத்தார்கள்? "முதல்வரை மாற்றுங்கள், கட்சி எங்களுடையது" என்றுதானே கடைசி வரை சொன்னார்கள்?

#5 வக்கீல்குமாஸ்தா

அதே கேள்விதான் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளை இரண்டு பக்கம் நிறுத்தியது. 2018 ஜூன் 14 அன்று தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தகுதி நீக்கம் செல்லும் என்றார், நீதிபதி சுந்தர் செல்லாது என்றார். மூன்றாவதாக விசாரித்த நீதிபதி சத்தியநாராயணன் அக்டோபர் 25 அன்று செல்லும் என்று முடித்தார்.

'விட்டுக்கொடுப்பது' என்றால் ராஜினாமாக் கடிதம் கொடுத்தால்தான் என்று இல்லை, நடத்தையை வைத்தே முடிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 1994லேயே சொல்லிவிட்டது. உத்தரப் பிரதேச பகுஜன் சமாஜ் வழக்கில் 2007ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே 13 எம்எல்ஏக்கள் 2003ல் ஆளுநரிடம் போய், முலாயம் சிங்கை ஆட்சி அமைக்கக் கூப்பிடுங்கள் என்று கடிதம் கொடுத்திருந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆதரவு தெரிவித்து எழுதிய அந்தக் கடிதமே கட்சியை விட்டதற்குச் சாட்சி என்றது தீர்ப்பு.

நம்ம 18 பேர் கடிதத்தில் எதிர்க்கட்சியைக் கூப்பிடச் சொல்லவில்லை. அதனால்தான் இரண்டு பக்கமும் வாதாட இடம் இருந்தது. இன்னொருவருக்கு ஆதரவு என்று எழுதினால் கதை முடிந்தது. 'இவருக்கு ஆதரவு இல்லை' என்று மட்டும் எழுதினால் வழக்கு நடத்தலாம்.

#6 பெங்களூர்தமிழன்

இந்த விஷயத்தில் எங்கள் ஊர்தான் பல்கலைக்கழகம்.

2010 அக்டோபரில் கர்நாடக முதல்வர் எடியூரப்பாவுக்கு எதிராக 11 பாஜக எம்எல்ஏக்களும் 5 சுயேச்சைகளும் ஆளுநர் பரத்வாஜிடம் ஆதரவு வாபஸ் கடிதம் கொடுத்தார்கள். தமிழ்நாட்டு 18 பேர் கதையின் முதல் பிரதி என்றே சொல்லலாம். நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முந்தின நாள் சபாநாயகர் போப்பையா 16 பேரையும் தகுதி நீக்கம் செய்தார். உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் அதை ரத்து செய்தது. பதில் சொல்ல அவகாசமே கொடுக்கவில்லை, வாக்கெடுப்பை மனசில் வைத்துக்கொண்டு அவசரப்பட்டிருக்கிறார் என்றது.

அதற்கும் முந்தியது 1989. எஸ்.ஆர்.பொம்மை முதல்வர். 19 எம்எல்ஏக்கள் ஆதரவை வாபஸ் வாங்குவதாக ஆளுநர் வெங்கடசுப்பையாவிடம் கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. (எண்ணிக்கையைக் கவனியுங்கள், இங்கேயும் 19!) அடுத்த நாளே அதில் 7 பேர், எங்களைத் தவறாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், பொம்மைக்குத்தான் எங்கள் ஆதரவு என்று எழுதிக் கொடுத்தார்கள். சபையைக் கூட்டி நிரூபிக்கிறேன் என்று பொம்மையும் கேட்டார். ஆளுநர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏப்ரல் 21ல் ஆட்சி கலைப்பு.

1994 மார்ச் 11ல் வந்த ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பு எல்லாருக்கும் தெரியும். பெரும்பான்மையைச் சபையில்தான் பார்க்க வேண்டும், ஆளுநர் மாளிகையில் உட்கார்ந்து கடிதத்தை எண்ணக் கூடாது. அந்த 7 பேர் பல்டி அடிக்காமல் இருந்திருந்தால் இந்தத் தீர்ப்பு இவ்வளவு அழுத்தமாக வந்திருக்குமா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

#7 கடைசிபெஞ்ச்

கடிதம் போய்ச் சேர்ந்தால்தானே எண்ணுவதற்கு? 2018 நவம்பர் 21, காஷ்மீர். ஆட்சி அமைக்க 56 எம்எல்ஏக்கள் ஆதரவு இருக்கிறது என்று மெகபூபா முப்தி ஆளுநர் மாளிகைக்கு ஃபேக்ஸ் அனுப்பினார். போகவில்லை. கடைசியில் கடிதத்தை ட்விட்டரில் போட்டார். அன்று இரவே ஆளுநர் சத்யபால் மாலிக் சட்டமன்றத்தைக் கலைத்துவிட்டார். கேட்டதற்கு, அன்று மீலாது நபி விடுமுறை, எனக்குச் சாப்பாடு கொடுக்கக்கூட ஆள் இல்லை, ஃபேக்ஸை யார் பார்ப்பது என்றார்.

ஆதரவு தெரிவிப்பது எப்படி என்று பாடம் எடுப்பவர்கள், முதலில் மெஷினில் பேப்பர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவும்.

#8 பழையபேப்பர்

தம்பிகள் வாபஸ் பற்றியே பேசுகிறீர்கள். கடிதத்தைக் கொடுக்காமல் வைத்திருப்பதில் இருக்கும் பலத்தை விட்டுவிட்டீர்களே.

1998 மார்ச், மக்களவைத் தேர்தல் முடிவு. பாஜகவுக்கு 182 இடம். தமிழ்நாட்டில் அதிமுக கூட்டணிக்கு 39ல் 30, அதில் அதிமுக மட்டும் 18. குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன், வாய்ப்பேச்சு வேண்டாம், ஒவ்வொரு கட்சியிடமிருந்தும் ஆதரவுக் கடிதம் வேண்டும் என்றார். அது வரை பெரும்பாலும் பெரிய கட்சித் தலைவரைக் கூப்பிட்டுப் பதவிப் பிரமாணம் செய்து வைப்பதுதான் பழக்கம். 1996ல் வாஜ்பாய் அப்படி வந்து 13 நாளில் போனதைப் பார்த்த நாடு அல்லவா. மற்றவர்கள் கடிதம் வந்தது, போயஸ் தோட்டத்து ஜெயலலிதாவின் கடிதம் மட்டும் வரவில்லை. டெல்லியே சென்னையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடைசியில் கடிதம் வந்தது, மார்ச் 19ல் பதவியேற்பு. அந்தச் சில நாளில் அந்த அம்மாள் காட்டிய பலத்தை அமைச்சர் பதவி வாங்கியவர்கள்கூடப் பிறகு காட்டவில்லை.

அதே சமயம் சந்திரபாபு நாயுடு வேறு விதமாகக் காய் நகர்த்தினார். ஆதரவு என்று எழுதவில்லை, தெலுங்கு தேசம் நடுநிலை வகிக்கும் என்று எழுதினார். 12 பேர் எதிர்த்து ஓட்டுப் போட மாட்டார்கள் என்றால் போதும், கணக்கு வாஜ்பாய் பக்கம் சாய்ந்துவிட்டது. மார்ச் 28 வாக்கெடுப்பில் அவர்கள் நேராகவே ஆதரித்தார்கள், 274க்கு 261. சபாநாயகர் நாற்காலி அவர்கள் கட்சி பாலயோகிக்குப் போனது. எழுதிய கடிதத்தில் ஆதரவு என்ற சொல்லே கிடையாது!

1999 ஏப்ரல் 14ல் அதிமுக வாபஸ். 17ம் தேதி 269க்கு 270, ஒரு ஓட்டில் ஆட்சி போனது. அது எல்லாரும் சொல்லும் கதை. அதற்கு அப்புறம் நடந்ததுதான் இந்த இழைக்குப் பொருத்தம். எங்களிடம் 272 பேர் இருக்கிறார்கள் என்று சோனியா குடியரசுத் தலைவர் மாளிகை வாசலில் சொன்னார். முலாயம் சிங் ஆதரிக்க மறுத்துவிட்டார். கையில் கடிதம் வாங்காமல் வாயால் எண்ணினால் இதுதான் கதி.

1979லும் நாராயணன் மாதிரிக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மொரார்ஜியும் சரண்சிங்கும் ஆளுக்கொரு ஆதரவாளர் பட்டியல் குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டியிடம் கொடுத்தார்கள். சில பெயர்கள் இரண்டிலும் இருந்தன. அப்படிப் பிரதமராக வந்த சரண்சிங் நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே ராஜினாமா செய்தார்.

#9 வக்கீல்குமாஸ்தா

ஐயா சொன்னதோடு ஒன்று. பட்டியலில் உங்கள் பெயரை உங்களைக் கேட்காமலே சேர்ப்பதும் நடக்கும். 2008 ஜூலையில் அணு ஒப்பந்தத்துக்காக இடதுசாரிகள் மன்மோகன் அரசுக்குக் கொடுத்த வெளி ஆதரவை வாபஸ் வாங்கினார்கள். குடியரசுத் தலைவரிடம் கொடுத்த மார்க்சிஸ்ட் எம்பிக்கள் பட்டியலில் சோம்நாத் சாட்டர்ஜி பெயரும் இருந்தது. அவர் அப்போது மக்களவை சபாநாயகர். நாற்காலியை விட்டு இறங்க மறுத்தார். ஜூலை 22ல் 275க்கு 256 என்று அரசு பிழைத்தது, மறுநாள் அவரைக் கட்சி நீக்கியது.

#10 பெங்களூர்தமிழன்

2019 நவம்பர் மகாராஷ்டிரத்தை யாரும் சொல்லவில்லையே. விடிந்தும் விடியாமல் பாஜகவின் பட்னாவிஸ் முதல்வர், அஜித் பவார் துணை முதல்வர். ஆளுநரிடம் கொடுத்தது 54 தேசியவாத காங்கிரஸ் எம்எல்ஏக்கள் கையெழுத்துப் போட்ட தாள். கையெழுத்து அசல்தான். கட்சி உள்வேலைக்கு வாங்கி வைத்ததை எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டார்கள் என்றார் சரத் பவார். அவர் தரப்பில் ஹோட்டலில் 162 எம்எல்ஏக்களை வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள். சபையில் வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் பட்னாவிஸ் ராஜினாமா.

#11 மணிமேகலைகரூர்

எல்லாரும் ஆளுநர் மாளிகையிலேயே நிற்கிறீர்கள். கீழே எப்படி என்று நான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பெரியப்பா அதிமுக கிளைச் செயலாளர். 2017 பிப்ரவரியில் அவர் யாருக்கு ஆதரவு என்று அவர் வாயைத் திறந்து சொல்லவே இல்லை. வெள்ளைச் சட்டைப் பையைத்தான் பார்ப்போம். மெல்லிசான துணி, உள்ளே அம்மா (ஜெயலலிதா) படம் வெளியே தெரிகிற மாதிரி இருக்கும். அம்மா இருந்த வரைக்கும் அந்த ஒரு படம் போதும். அப்புறம் சின்னம்மா (சசிகலா) படத்தைச் சேர்ப்பதா, ஓபிஎஸ் படமா என்று குழப்பம். பெரியப்பா பழைய படத்தையே வைத்துக்கொண்டார், அதற்குப் பின்னால் ஒரு பஸ் டிக்கெட். இரண்டு அணி ஆட்களும் வந்து பார்த்துவிட்டு, நம்ம ஆள்தான் என்று போய்விடுவார்கள்.

பிளெக்ஸ் இன்னும் நுணுக்கம். மேலே வட்டத்துக்குள் மூன்று தலைவர்கள், அதில் மாற்றம் கிடையாது. அதற்குக் கீழே யார் படம் பெரிது, யார் சிறிது, மாவட்டச் செயலாளர் இடது பக்கமா வலது பக்கமா. கடைசி வரிசையில் ஸ்டாம்ப் சைஸில் நிற்கிற இருபது முகத்தில் ஒருத்தர் குறைந்தால் ஊருக்கே தெரிந்துவிடும், ஆள் அந்தப் பக்கம் போய்விட்டார் என்று. டிசைன் போடும் பையனிடம் கேட்டால் பொதுக்குழுவுக்கு முன்னாடியே முடிவைச் சொல்லிவிடுவான்.

பிறகு இரட்டை இலைச் சின்னம் எந்த அணிக்கு என்ற வழக்கு வந்தது. ஆதரவைப் பத்திரத்தில் எழுதிக் கொடு என்றார்கள். பிரமாணப் பத்திரம் கட்டுக்கட்டாக வண்டியில் ஏறித் தேர்தல் கமிஷனுக்குப் போனது. பெரியப்பா இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் சிரிப்பார், பதில் வராது.

#12 தேனிக்காரன்

அக்கா, அந்த பஸ் டிக்கெட் அருமை. ஆனால் இந்த மாதிரி ஆதரவுக்கு மதிப்பு உண்டா? ஓட்டாக மாறுமா?

#13 பழையபேப்பர்

சில சமயம் மாறும். 1996ல் ஜெயலலிதா மறுபடி வந்தால் தமிழ்நாட்டை ஆண்டவனாலும் காப்பாற்ற முடியாது என்று ரஜினிகாந்த் சொன்னதை இன்றைக்கும் சொல்கிறோம். திமுக, தமாகா கூட்டணி ஜெயித்தது. ஆனால் அது ஏற்கனவே சரிந்துகொண்டிருந்த சுவர் என்பது என் அபிப்பிராயம். அதே ரஜினி 2004ல் பாமகவைத் தோற்கடியுங்கள், என் ஓட்டு பாஜகவுக்கு என்றார். பாமக நின்ற 6 இடத்திலும் பாமகவே ஜெயித்தது.

#14 கடைசிபெஞ்ச்

ஐயா, 96ல் அந்த வரி இல்லாவிட்டால் அவ்வளவு அலை அடித்திருக்காது. நான் அப்போது பள்ளிக்கூடம், எங்கள் தெருவில் சுவர் பூராவும் ரஜினியின் 'அண்ணாமலை' படத்து சைக்கிள். தமாகா சின்னமே சைக்கிள்தானே! சும்மா சரிந்த சுவர் என்று தள்ளிவிடாதீர்கள்.

#15 பழையபேப்பர்

சைக்கிள் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். மற்றதில் என் கட்சி மாறவில்லை.

#16 ஒன்றியவாக்காளர்

நீங்கள் சொல்லும் பொம்மை கதை எங்கள் ஒன்றியத்தில் அப்படியே நடந்தது. சித்தப்பா கவுன்சிலர். சேர்மன் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர மனுவில் கையெழுத்து வாங்கினார்கள். மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். தேதி போடும் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள், ஆள் சேர்ந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று. எல்லாரையும் வேனில் ஏற்றி மலைப் பக்கம் கொண்டு போனார்கள். போனை வாங்கி ஒரு மஞ்சப்பையில் போட்டு டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டார்கள்.

இறங்கி வந்ததும் பாதிப் பேர், ரோடு வேலைக்கு மனு என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சித்தப்பாவும்தான். ஏன் என்று கேட்டதற்கு, ரோடு வேலையும் வேண்டும்தானே என்றார்.

#17 மணிமேகலைகரூர்

இதில் கூவத்தூரை மறந்துவிடாதீர்கள். 2017 பிப்ரவரி 9ல் சசிகலா ஆளுநரிடம் ஆதரவுப் பட்டியல் கொடுத்து உரிமை கோரினார். ஆட்களோ கூவத்தூர் ரிசார்ட்டில். ஆளுநர் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். 14ம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து சசிகலா சிறைக்குப் போக வேண்டியதாகிவிட்டது. அதே ஆட்கள், அதே ரிசார்ட், பெயர் மட்டும் மாற்றி எடப்பாடிக்கு ஆதரவு. 16ம் தேதி பதவியேற்பு. அப்படியானால் அந்த முதல் பட்டியல் ஒரு தலைவருக்குக் கொடுத்த ஆதரவா, அல்லது யார் வந்தாலும் ஆட்சி கலையக் கூடாது என்ற ஆதரவா?

#18 வக்கீல்குமாஸ்தா

இரண்டாவதுதான் அக்கா. அதனால்தான் ஆறு மாசம் கழித்து 'முதல்வரை மட்டும் மாற்றுங்கள்' என்ற 18 பேர் கடிதம் எடுபடவில்லை. மற்றவர்கள் யாரும் கூட வரவில்லை.

#19 தேனிக்காரன்

கடைசியாக ஒன்று. அந்த 19 பேரும் கடிதமே கொடுக்காமல், வாயை மூடிக்கொண்டு இருந்து, சபையில் நேராக எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தால்?

#20 வக்கீல்குமாஸ்தா

அதற்கு முதலில் வாக்கெடுப்பு வந்திருக்க வேண்டும். சரி, வந்ததாக வைத்துக்கொண்டு எண்ணிப் பார்ப்போம். 2016ல் இரட்டை இலையில் ஜெயித்தது 136. ஜெயலலிதா மறைந்து ஆர்.கே.நகர் காலி, ஆக 135. சபாநாயகரைக் கழித்தால் ஓட்டுப் போடக்கூடியவர் 134. எதிர்வரிசையில் திமுக 89, காங்கிரஸ் 8, முஸ்லிம் லீக் 1, மொத்தம் 98.

19 பேரும் தாவினால் அரசுக்கு 115, எதிராக 117. ஆட்சி கவிழ்ந்திருக்கும். ஓட்டுப் போட்ட பிறகு தகுதி நீக்கம் செய்தாலும் போட்ட ஓட்டுப் போட்டதுதான்.

ஜக்கையன் திரும்பிவிட்டார் அல்லவா, இப்போது 18ஐ வைத்துப் போடுங்கள். 116க்கு 116. சமமானால் சபாநாயகருக்கு ஓட்டு உண்டு.

18 பேரையும் நீக்கியதும் சபை 215 ஆகச் சுருங்கி, பெரும்பான்மைக்கு 108 போதும் என்று ஆகிவிட்டது. இந்தக் கணக்கு தெரிந்துதான் திமுக, உடனே வாக்கெடுப்பு நடத்து என்று நீக்கத்துக்கு முன்பே கோர்ட்டுக்குப் போயிருந்தது. செப்டம்பர் 20ல் உயர் நீதிமன்றம், மறு உத்தரவு வரும் வரை வாக்கெடுப்பு வேண்டாம் என்று நிறுத்தி வைத்தது.

#21 பழையபேப்பர்

116க்கு 116 என்று போட்டிருக்கிறீர்கள். அந்த 98ல் கருணாநிதியும் ஒருவர். பிப்ரவரி வாக்கெடுப்புக்கே உடல்நிலை காரணமாக அவர் வரவில்லை. அவரைக் கழித்தால் 115. சபாநாயகர் ஓட்டே தேவைப்பட்டிருக்காது.

#22 கடைசிபெஞ்ச்

அப்படியானால் ஜக்கையன் ஒருத்தர் திரும்பி வந்ததுதான் மொத்தக் கதையும். அவருக்குத்தான் பிளெக்ஸில் பெரிய படம் போட்டிருக்க வேண்டும்.